உள்ளங்கை அளவு அட்டை, விலை 3.75 மில்லியன் டாலர்!

2021ஆம் ஆண்டு மே மாதம் ஒரு ஹாக்கி அட்டை 3.75 மில்லியன் அமெரிக்க டாலருக்குக் கைமாறியது. அதன் நீளம் 8.9 சென்டிமீட்டர், அகலம் 6.4 சென்டிமீட்டர். அதில் தங்கமும் இல்லை, வைரமும் இல்லை. 1979ஆம் ஆண்டு கனடாவில் சிறுவர்கள் சில்லறைக் காசுக்கு, சூயிங்கம்மோடு சேர்த்து வாங்கிய தடித்த காகிதம்தான் அது.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. அதே ஆண்டில், அதே நிறுவனம், அதே ஆட்டக்காரரின் படத்துடன் வெளியிட்ட இன்னோர் அட்டை, மூலைகள் மழுங்கி நடுவில் மடிப்பு விழுந்து இருந்தால் சில நூறு டாலருக்கே கிடைக்கும். ஒரே படம், ஒரே காகிதம், ஒரே மை. விலையில் மட்டும் பல ஆயிரம் மடங்கு வேறுபாடு! ஏன்?

"பழைய பொருள், அதனால் விலை அதிகம்" என்று நீங்கள் சொல்லலாம். அந்த விடை போதாது. இரண்டு அட்டைகளுக்கும் ஒரே வயதுதானே? அட்டையின் மதிப்பை அறிய விரும்புபவர் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். அது எத்தனை பேருக்கு வேண்டும்? எத்தனை அட்டைகள் எஞ்சியுள்ளன? எந்த நிலையில் உள்ளது? உண்மையானதா? இவற்றுக்கு விடை காண அளவுகோலும் உருப்பெருக்கியும் கொஞ்சம் கணிதமும் வேண்டும். காற்பந்து அட்டையோ போக்கிமோன் அட்டையோ வாங்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், இந்தக் கேள்விகள் உங்கள் கைச்செலவுப் பணத்தையும் காப்பாற்றும்.

எந்த ஹாக்கி? என்ன அட்டை?

ஹாக்கி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணம் போன்ற திடல் ஹாக்கிப் போட்டிகள். நாம் இங்கே பேசுவது பனிக்கட்டித் தளத்தில், சறுக்குக் காலணி அணிந்து ஆடும் ஹாக்கி. கனடா மக்களுக்கு அது உயிர். வட அமெரிக்காவின் பெரிய அணிகள் மோதும் போட்டித் தொடர் தேசிய ஹாக்கி லீக். சுருக்கமாக என்எச்எல் என்பார்கள்.

ஹாக்கி அட்டைகளின் வரலாறு 1910-11 பருவத்தில் தொடங்குகிறது. அப்போது அவை சிகரெட் பொட்டலங்களுக்குள் வந்தன. மெல்லிய பொட்டலம் நசுங்காமல் இருக்க ஓர் அட்டையைச் செருகுவது அக்கால வழக்கம். அதில் ஆட்டக்காரரின் படத்தை அச்சிட்டால் வாடிக்கையாளர் மீண்டும் வருவார் அல்லவா? பின்னர் மிட்டாய், சூயிங்கம் நிறுவனங்கள் இந்த உத்தியைக் கையில் எடுத்தன.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் லண்டன் என்ற பெயரில் ஒரு நகரம் இருக்கிறது. அங்கிருந்த ஓ-பீ-சீ நிறுவனம் 1979-80 பருவத்துக்காக 396 அட்டைகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டது. அமெரிக்காவில் டாப்ஸ் நிறுவனம் ஏறத்தாழ அதே வடிவமைப்பில் 264 அட்டைகள் வெளியிட்டது. இரண்டிலும் 18ஆம் எண் அட்டையில் எட்மன்டன் ஆயிலர்ஸ் அணியின் சீருடையில் ஓர் இளைஞர் நிற்பார். அவர்தான் வெய்ன் கிரெட்ஸ்கி. மில்லியன் டாலர் அட்டை இந்த 18ஆம் எண்தான், ஓ-பீ-சீ வெளியிட்டது.

முதல் கேள்வி: எத்தனை பேருக்கு வேண்டும்?

கிரெட்ஸ்கி தம் என்எச்எல் வாழ்வில் 894 கோல்கள் போட்டார். மற்றவர்கள் கோல் போட 1,963 முறை உதவினார். கோலுக்கு ஒரு புள்ளி, உதவிக்கு ஒரு புள்ளி என்று கணக்கிடுவது ஹாக்கியின் வழக்கம். அப்படிக் கூட்டினால் 2,857 புள்ளிகள். அவர் போட்ட கோல்களை எல்லாம் கழித்துவிட்டு உதவிகளை மட்டும் எண்ணினாலும், வேறு எந்த ஆட்டக்காரரின் மொத்தப் புள்ளிகளையும்விட அவருடையது அதிகம்! கோல் எண்ணிக்கையில் மட்டும் 2025 ஏப்ரலில் அலெக்சாண்டர் ஒவெச்கின் அவரை முந்தினார்.

ஒரு புகழ்பெற்ற ஆட்டக்காரருக்குப் பல ஆண்டுகளில் பல அட்டைகள் வெளிவரும். ஆனால் சேகரிப்பாளர்கள் முதலில் தேடுவது அவரது முதல் பருவ அட்டையை. அதை 'ரூக்கி அட்டை' என்பார்கள். அது வெளிவந்த நாளில் அந்த இளைஞர் பெரிய ஆட்டக்காரர் ஆவாரா மாட்டாரா என்பது யாருக்கும் தெரியாது. அதனால் அன்று அதைப் பத்திரப்படுத்தியவர்கள் குறைவு. பின்னாளில் தேடுபவர்களோ மிக அதிகம்.

இரண்டாவது கேள்வி: எத்தனை எஞ்சியுள்ளன?

புகழ் மட்டும் போதும் என்றால் இந்தக் கணக்கு எளிது. ஆனால் ஜரோமிர் யாகரைப் பாருங்கள். என்எச்எல் வரலாற்றில் மொத்தப் புள்ளிகளில் கிரெட்ஸ்கிக்கு அடுத்த இடம் அவருக்கு: 1,921. அவரது ரூக்கி அட்டைகள் 1990-91 பருவத்தில் வெளிவந்தன. அவற்றில் பலவற்றைச் சாதாரண நிலையில் இன்றும் சில டாலருக்கு வாங்கலாம். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இவ்வளவு இடைவெளியா?

காரணம் ஆட்டக்காரரிடம் இல்லை. அந்தப் பதினோரு ஆண்டுகளில் மக்கள் மாறிவிட்டார்கள். 1979இல் அட்டை ஒரு விளையாட்டுப் பொருள். சிறுவர்கள் அதை ரப்பர் வளையத்தால் கட்டினார்கள், சுவரில் எறிந்து விளையாடினார்கள், 'டக டக' என ஒலிக்க மிதிவண்டிச் சக்கரத்தின் கம்பிகளுக்கிடையே செருகினார்கள். பள்ளி முடித்ததும் அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள்.

1980களின் இறுதியில் பழைய அட்டைகள் நல்ல விலைக்குப் போகின்றன என்ற செய்தி பரவியது. உடனே எல்லாரும் புதிய அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி அலமாரியில் அடுக்கினார்கள். நிறுவனங்களும் சும்மா இருக்குமா? 1990-91 பருவத்தில் மட்டும் அப்பர் டெக், புரோ செட், ஸ்கோர் ஆகிய மூன்று நிறுவனங்கள் ஹாக்கிச் சந்தையில் புதிதாக நுழைந்தன. அச்சு இயந்திரங்கள் ஓயாமல் ஓடின. விளைவு: எல்லாரிடமும் இருக்கிறது, எல்லாமே புதிதுபோல இருக்கிறது. பிறகு யார் கூடுதல் விலை கொடுப்பார்கள்? 'நாளை விலை ஏறும்' என்று எல்லாரும் சேர்த்து வைத்ததே விலை ஏறாமல் போனதற்குக் காரணம்.

இதிலிருந்து ஓர் உண்மை புரியும். எத்தனை அச்சிடப்பட்டன என்பதைவிட எத்தனை பிழைத்தன என்பதே முக்கியம். உயிரியலில் ஒரு மீன் இடும் முட்டைகளின் எண்ணிக்கையையும், அவற்றில் வளர்ந்து பெரிதாகும் மீன்களின் எண்ணிக்கையையும் பிரித்துப் பார்ப்போம் அல்லவா? அதே எண்ணம்தான் இது.

இந்தப் பாடத்தைக் கற்ற நிறுவனங்கள் பின்னர் அரிதான அட்டைகளைத் தாங்களே திட்டமிட்டு அச்சிடத் தொடங்கின. எடுத்துக்காட்டாக, 2005-06 பருவத்தில் அப்பர் டெக் வெளியிட்ட 'த கப்' தொகுப்பில் சிட்னி கிராஸ்பியின் கையொப்பமிட்ட ரூக்கி அட்டை 99 மட்டுமே. ஒவ்வோர் அட்டையிலும் அதன் வரிசை எண் இருக்கும்.

மூன்றாவது கேள்வி: எந்த நிலையில் உள்ளது?

1991ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிஎஸ்ஏ என்ற அமெரிக்க நிறுவனம், அட்டைகளை ஆராய்ந்து 1 முதல் 10 வரை தரமிட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்து முத்திரையிடுகிறது. பெக்கெட் போன்ற வேறு நிறுவனங்களும் இப்பணியைச் செய்கின்றன. 2021இல் 3.75 மில்லியன் டாலருக்கு விற்ற அட்டை 10 பெற்றது. ஓ-பீ-சீ கிரெட்ஸ்கி அட்டைகளில் அப்போது 10 பெற்றிருந்தவை இரண்டே இரண்டு.

தரமிடுவோர் முக்கியமாக நான்கைப் பார்க்கிறார்கள்: மையப்படுத்தல், மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு.

மையப்படுத்தல் என்பது படம் அட்டையின் சரியான நடுவில் அச்சாகியிருக்கிறதா என்பது. இதை நீங்களே கணக்கிடலாம். இடப்பக்க ஓரம் 3 மில்லிமீட்டர், வலப்பக்க ஓரம் 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டினால் 5. இடப்பக்கத்தின் பங்கு 3/5, அதாவது 60 விழுக்காடு. வலப்பக்கம் 40 விழுக்காடு. இதை 60-40 என்பார்கள். 50-50 என்றால் மிகச் சரியான நடு. 10 மதிப்பெண் பெற அட்டையின் முன்பக்கம் ஏறத்தாழ 55-45 அல்லது 60-40 என்ற எல்லைக்குள் இருக்க வேண்டும். எந்த எல்லை என்பது நிறுவனத்தையும் காலத்தையும் பொறுத்துச் சற்று மாறும்.

மூலைகள் ஊசிபோலக் கூர்மையாக இருக்க வேண்டும். காகிதம் என்பது தாவர நார்கள் பின்னிய படுக்கை. மூலை எதிலாவது மோதும்போது அந்த நார்கள் பிரிந்து பஞ்சுபோல வெளியே வரும். உருப்பெருக்கியில் பார்த்தால் அது தெளிவாகத் தெரியும். ஒருமுறை பிரிந்த நார் பழையபடி சேராது.

விளிம்புகளில்தான் 1979-80 தொகுப்பின் சோதனையே இருக்கிறது. அந்த அட்டைகளைச் சுற்றி நீல நிற ஓரம் உண்டு. மை சிறிது உதிர்ந்தாலும் உள்ளிருக்கும் வெள்ளைக் காகிதம் பளிச்சென்று தெரிந்துவிடும். வெள்ளை ஓரம் உள்ள அட்டையில் அதே தேய்மானம் கண்ணில் படாது. அதோடு ஓ-பீ-சீ நிறுவனம் பெரிய தாள்களைக் கம்பியால் அறுத்து அட்டைகளாக்கியது. அதனால் பல அட்டைகளின் விளிம்பு பிசிறு பிசிறாக இருக்கும். பொட்டலத்திலிருந்து அன்றே எடுத்த புத்தம் புதிய அட்டைகூடக் கச்சிதமாக இருப்பதில்லை. 10 பெற்ற அட்டை ஏன் இவ்வளவு அபூர்வம் என்பது இப்போது புரிகிறதா?

மேற்பரப்பில் கீறல், மைப் புள்ளி, சூயிங்கம் கறை ஆகியவை இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். விளக்கொளி சாய்வாக விழும்படி அட்டையைப் பிடித்தால், நேராகப் பார்க்கும்போது தெரியாத கீறல்கள் நிழலிட்டுத் தெரியும். நிலவின் குழிகள் முழுநிலவைவிட அரைநிலவில் நன்றாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான்.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. தரமிடுபவர்கள் மனிதர்கள். ஒரே அட்டையை இரண்டு முறை அனுப்பினால் இரண்டு வேறு மதிப்பெண்கள் வருவதும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் ஒரே நீளத்தை மூன்று முறை அளந்து சராசரி எடுக்கிறீர்களே, அதற்கான காரணமும் இதுவே. எந்த அளவீட்டிலும் பிழை வரம்பு இருக்கும். சந்தையிலோ 9க்கும் 10க்கும் இடையிலான அந்த ஒரே படி, விலையைப் பல மடங்கு மாற்றிவிடும்.

நான்காவது கேள்வி: உண்மையானதா?

விலை ஏறும் இடத்தில் ஏமாற்றும் நுழையும். கிரெட்ஸ்கி வாழ்விலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. 1991ஆம் ஆண்டு அவரும், அவர் ஆடிய லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அணியின் உரிமையாளர் புரூஸ் மெக்நாலும் சேர்ந்து ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரின் பழைய அட்டையை 451,000 அமெரிக்க டாலருக்கு வாங்கினார்கள். பிஎஸ்ஏ நிறுவனம் முதன்முதலில் தரமிட்ட அட்டை அதுதான். அது பெற்ற மதிப்பெண் 8. பழைய சிகரெட் அட்டையின் விளிம்புகள் இவ்வளவு நேர்த்தியாக இருக்குமா என்று சிலர் அன்றே ஐயப்பட்டார்கள். 2013இல் அந்த அட்டையை முன்னர் விற்றவரான பில் மாஸ்ட்ரோ, அதன் ஓரங்களைத் தாம் வெட்டிச் சீராக்கியதை நீதிமன்ற வழக்கில் ஒப்புக்கொண்டார்.

இந்தக் கதை சொல்லும் பாடம்: நிபுணரின் முத்திரை ஒரு சான்றுதான், முடிவான உண்மை அல்ல. அளவுக்கு மீறிய நேர்த்தியும் ஐயத்துக்கு இடம் தரும். கம்பியால் அறுத்த ஓ-பீ-சீ அட்டையின் நான்கு விளிம்புகளும் சவரக்கத்தியால் வெட்டியதுபோல இருந்தால், மகிழ்வதற்கு முன் அதன் நீள அகலத்தை அளந்து பார்க்க வேண்டும்.

முழுப் போலியைக் கண்டுபிடிக்க ஓர் உருப்பெருக்கி உதவும். அச்சிட்ட வண்ணப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நீலப்பச்சை, இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் நுண்ணிய புள்ளிகள் தெரியும். தூரத்திலிருந்து பார்க்கும்போது நம் கண் அவற்றைக் கலந்து பல்லாயிரம் வண்ணங்களாகக் காண்கிறது. அசல் அட்டையில் படம் இப்படிப் புள்ளிகளால் ஆகியிருக்கும். எழுத்துகளும் கோடுகளும் பெரும்பாலும் ஒரே மையால் திடமாக அச்சாகியிருக்கும். போலி செய்பவர் அசல் அட்டையை வருடியில் படமெடுத்து மறுபடி அச்சிடுகிறார். அப்போது எழுத்துகளும் கோடுகளும்கூடப் புள்ளிகளாக உடைந்துவிடும். வெறும் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் ஓர் எழுத்து, பத்து மடங்கு பெரிதாக்கினால் உண்மையைச் சொல்லிவிடும்.

மிகப் பழைய அட்டைகளுக்கு இன்னொரு சோதனை உண்டு. இன்றைய வெள்ளைத் தாள்களில், புறஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக வெளியிடும் வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். தாள் மேலும் வெண்மையாகத் தெரிவதற்காக இப்படிச் செய்கிறார்கள். இந்தப் பழக்கம் காகிதத் தொழிலில் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே பரவியது. ஆகவே, 1910-11இல் அச்சானது என்று சொல்லப்படும் அட்டை இருட்டறையில் புறஊதா விளக்கின்கீழ் நீலமாக ஒளிர்ந்தால், அது பொய் சொல்கிறது.

இவை எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று உண்டு. அதே தொகுப்பிலிருந்து, புகழ்பெறாத ஓர் ஆட்டக்காரரின் மலிவான அட்டையை முதலில் வாங்கி வைத்துக்கொள்வது. யாரும் மலிவான அட்டையைப் போலியாகச் செய்ய மாட்டார்கள். தடிப்பு, நிறம், பின்பக்கக் காகிதம், எழுத்து, விளிம்பு எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1979-80 ஓ-பீ-சீ அட்டையின் பின்பக்கத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இருக்கும். டாப்ஸ் அட்டையில் ஆங்கிலம் மட்டுமே. இத்தகைய விவரங்கள் ஒப்பிடும்போதுதான் கண்ணில் படும். அறிவியல் சோதனையில் கட்டுப்பாட்டு மாதிரி ஒன்றை வைத்துக்கொள்வது போன்றதே இது.

பொட்டலத்துக்குள் ஒரு கணக்கு

இப்போது கணிதத்துக்கு வருவோம். கனடாவின் ரெஜைனா நகரில் ஒரு வீட்டில் 1979-80 ஓ-பீ-சீ அட்டைகள் கொண்ட, திறக்கப்படாத பெரிய பெட்டி ஒன்று கிடைத்தது. அதற்குள் 16 சிறு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் 48 பொட்டலங்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் 14 அட்டைகள். மொத்தம் எத்தனை? 16 × 48 × 14 = 10,752 அட்டைகள்.

தொகுப்பில் 396 வெவ்வேறு அட்டைகள். எல்லாம் சம அளவில் கலந்திருந்தால், கிரெட்ஸ்கி அட்டைகள் 10,752 ÷ 396, அதாவது ஏறத்தாழ 27 இருக்கும். 2024 பிப்ரவரியில் நடந்த ஏலத்தில் இந்தப் பெட்டிக்கான தொகை 3.72 மில்லியன் அமெரிக்க டாலரை எட்டியது. அந்த 27 அட்டைகளில் எத்தனை நடுவில் சரியாக அச்சானவை, எத்தனை பிசிறு விளிம்பு கொண்டவை என்பது யாருக்கும் தெரியாது. திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் திறந்த பிறகு அது 'திறக்கப்படாத பெட்டி' அல்லவே! ஏலம் கேட்டவர்கள் அட்டைகளுக்கு மட்டும் விலை சொல்லவில்லை, நிகழ்தகவுக்கும் விலை சொன்னார்கள்.

சிறிய அளவில் நீங்கள் கடையில் ஒரு பொட்டலம் வாங்கும்போதும் இதுவே நடக்கிறது. 2015-16 பருவத்தின் அப்பர் டெக் முதல் தொகுதியை எடுத்துக்கொள்வோம். கானர் மெக்டேவிட்டின் ரூக்கி அட்டைக்காக எல்லாரும் தேடிய தொகுதி அது. ரூக்கி ஆட்டக்காரர்களுக்கான 'யங் கன்ஸ்' என்ற பிரிவில் 50 அட்டைகள். சராசரியாக 4 பொட்டலங்களுக்கு ஒன்றில்தான் யங் கன்ஸ் அட்டை வரும். 24 பொட்டலங்கள் கொண்ட ஒரு பெட்டியில் 6 கிடைக்கும். அந்த 6இல் ஒன்று மெக்டேவிட்டாக இருக்கும் வாய்ப்பு 6/50, அதாவது 12 விழுக்காடு. நூறு பேர் ஆளுக்கு ஒரு பெட்டி வாங்கினால் சுமார் 88 பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

பொட்டலக் கணக்கில் பார்த்தால் 4 × 50 = 200 பொட்டலங்களுக்கு ஒன்று. அப்படியானால் தனித்தனியாக 200 பொட்டலங்கள் வாங்கினால் கட்டாயம் கிடைக்குமா? பலர் ஏமாறும் இடம் இது. ஒரு பொட்டலத்தில் கிடைக்காத வாய்ப்பு 199/200. தொடர்ந்து 200 பொட்டலங்களிலும் கிடைக்காத வாய்ப்பு, 199/200ஐ 200 முறை பெருக்கினால் வரும். உங்கள் கணிப்பானில் போட்டுப் பாருங்கள்: 0.367. அதாவது 200 பொட்டலங்கள் வாங்கியவர்களிலும் ஏறத்தாழ 37 விழுக்காட்டினருக்கு அது கிடைக்காது. "இத்தனை வாங்கிவிட்டேன், அடுத்ததில் கட்டாயம் வரும்" என்ற எண்ணமும் தவறு. இதுவரை எத்தனை பிரித்தீர்கள் என்பது அடுத்த பொட்டலத்துக்குத் தெரியாது.

குறிப்பிட்ட ஓர் அட்டைதான் வேண்டும் என்றால் அதைத் தனியாக வாங்குவதே பெரும்பாலும் மலிவு. பொட்டலம் பிரிக்கும் மகிழ்ச்சிக்காக வாங்கினால், அந்த மகிழ்ச்சிக்கான செலவாக மட்டும் அதைக் கருதுங்கள்.

விலையை எப்படி அறிவது?

விளையாட்டு அட்டைகளின் விலைப்பட்டியலைப் புகழ்பெறச் செய்தவர் ஜேம்ஸ் பெக்கெட். அவர் ஒரு புள்ளியியல் பேராசிரியர். 1970களில் அவர் சேகரிப்பாளர்களிடமும் வணிகர்களிடமும் விலை விவரங்களைத் திரட்டி ஒழுங்குபடுத்தினார். பேச்சில் உலவிய விலைகளை அவர் தரவுகளாக மாற்றினார்.

நீங்களும் அதைச் செய்யலாம். முதல் விதி: விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள். ஓர் அட்டைக்கு ஆயிரம் வெள்ளி என்று யார் வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். வாங்க ஆள் வந்தால்தான் அது விலை.

இரண்டாவது விதி: ஒரே ஒரு விற்பனையை நம்பாதீர்கள். ஓர் அட்டை அண்மையில் ஐந்து முறை 40, 42, 45, 47, 300 வெள்ளிக்கு விற்றது என்று கற்பனை செய்வோம். சராசரி 94.80 வெள்ளி. ஆனால் அந்த விலையை ஒட்டி ஒருவர்கூட வாங்கவில்லையே! வரிசையின் நடுவில் இருக்கும் இடைநிலை மதிப்பான 45 வெள்ளிதான் உண்மைக்கு நெருக்கம். அந்த 300 வெள்ளி, இருவர் ஏலத்தில் போட்டி போட்டதால் வந்திருக்கலாம்; அட்டையின் தரம் வேறாகவும் இருந்திருக்கலாம்.

மூன்றாவது விதி: விலைக்கும் வயது உண்டு. 10 பெற்ற ஓ-பீ-சீ கிரெட்ஸ்கி அட்டை 2016இல் 465,000 அமெரிக்க டாலருக்கும், 2020 டிசம்பரில் 1.29 மில்லியனுக்கும், 2021இல் 3.75 மில்லியனுக்கும் விற்றது. அது கொவிட்-19 காலம். வீட்டில் அடைந்திருந்த பலர் பழைய அட்டைகளைத் தேடி எடுத்தார்கள். தரமிட வந்து குவிந்த அட்டைகளைச் சமாளிக்க முடியாமல் பிஎஸ்ஏ நிறுவனம் 2021 மார்ச்சில் புதிய அட்டைகள் ஏற்பதையே தற்காலிகமாக நிறுத்தியது. அதன்பின் பல அட்டைகளின் விலை இறங்கியது. உச்சத்தில் வாங்கியவர்களுக்கு இழப்பு. ஏறும் கோட்டைப் பார்த்து அது ஏறிக்கொண்டே இருக்கும் என்று முடிவு செய்யக்கூடாது என்பதை யாகர் அட்டைகள் முன்பே சொல்லிவிட்டன.

நம் ஊர் ஈரமும் அட்டையின் ஆயுளும்

கனடாவின் குளிர்ந்த, உலர்ந்த வீட்டில் நாற்பது ஆண்டுகள் தாங்கிய அட்டை நம் ஊரில் தாங்குமா? சிங்கப்பூரில் காற்றின் ஒப்பீட்டு ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும். மலேசியாவிலும் பல இடங்களில் இதே நிலைதான். காகித நார்கள் ஈரத்தை உறிஞ்சி வீங்கும். அட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் பளபளக்கும் உலோகப் பூச்சு இருந்தால், அந்தப் பக்கம் வீங்காது, மறுபக்கம் வீங்கும். எனவே அட்டை வில்லாக வளையும். புதிய அட்டைகள் சில நாள்களிலேயே வளைவதற்குக் காரணம் இதுதான். ஈரம் நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். பளபளப்பான பூச்சு உள்ள அட்டைகளை நெருக்கமாக அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

மூடக்கூடிய பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் காகிதத்துக்கு நல்லது. சன்னலோரம் வேண்டாம், புறஊதாக் கதிர் மையின் நிறத்தை வெளுக்கச் செய்யும். உறை வாங்கும்போது பாலிபுரோப்பிலீன் உறையா என்று பாருங்கள். மலிவான பிவிசி உறைகளில் பிளாஸ்டிக்கை வளையச் செய்யும் எண்ணெய் போன்ற வேதிப்பொருள் இருக்கும். அது காலப்போக்கில் கசிந்து அட்டையைக் கெடுக்கும். ரப்பர் வளையம் வேண்டவே வேண்டாம். அழுக்கைத் துடைக்கவும் முயலாதீர்கள். துடைத்தால் கீறல்தான் மிஞ்சும்.

செய்து பாருங்கள்

தேவையானவை: ஓரம் அச்சிட்ட ஐந்து அட்டைகள் (எந்த விளையாட்டானாலும் சரி), அளவுகோல், உருப்பெருக்கி, கைவிளக்கு.

1. ஒவ்வோர் அட்டையின் இட, வல, மேல், கீழ் ஓரங்களை அளந்து மையப்படுத்தல் விகிதத்தைக் கணக்கிடுங்கள்.

2. உருப்பெருக்கியால் நான்கு மூலைகளையும் பாருங்கள். பிரிந்த நார்கள் தெரிகின்றனவா?

3. அறை விளக்கை அணைத்து, கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்து மேற்பரப்பில் கீறல் தேடுங்கள்.

4. ஒவ்வோர் அட்டைக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் எழுதி மறைத்து வையுங்கள். நண்பர் ஒருவரையும் தனியாக மதிப்பெண் இடச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து, முந்தைய மதிப்பெண்ணைப் பார்க்காமல் நீங்களே மீண்டும் மதிப்பெண் இடுங்கள்.

மூன்று பட்டியல்களையும் ஒப்பிடுங்கள். எத்தனை அட்டைகளுக்கு ஒரே மதிப்பெண் வந்தது? எத்தனைக்கு மாறியது? உங்கள் மதிப்பெண் ஒரு வாரத்திலேயே மாறியிருந்தால், 9க்கும் 10க்கும் இடையே பெரும் பணம் கொடுப்பவர் எதற்குப் பணம் கொடுக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த முறை யாராவது "இந்த அட்டை நிச்சயம் விலை ஏறும், இப்போதே வாங்கு" என்று சொன்னால், பணப்பையைத் திறப்பதற்கு முன் அந்த நான்கு கேள்விகளையும் அவரிடம் கேளுங்கள்.